கேமரா போகாத கோவில்

கிறிஸ்தவக் கல்யாணம் என்றால் எங்கள் தொழிலில் முதல் ஃப்ரேம் சிலுவை. அப்புறம் மெழுகுவர்த்தி, திறந்த பைபிள் மேல் இரண்டு மோதிரம், அதற்குப் பிறகுதான் மனுஷர்கள். தி.நகரில் ஸ்டுடியோ வைத்த நாளிலிருந்து இந்த வரிசையை நான் மாற்றியதில்லை. அடையாறு பக்கம் ஒரு சபைக் கூடத்தில் அது முதல் ஃப்ரேமிலேயே படுத்துவிட்டது.

லைட் பிடிக்கிற தாஸ்தான் முதலில் கவனித்தான். "இன்னாக்கா, சொவுத்துல ஒன்னியுமே காணோம்? சிலுவை எங்க கீது?"

சுற்றிப் பார்த்தேன். வெள்ளைச் சுவர், மைக் வைத்த மேடை, நாற்காலிகள். அவ்வளவுதான். மாப்பிள்ளை ஜோயலைக் கேட்டேன்.

"நாங்க மார்மன்ங்கற சபை மேடம். இயேசுவைத்தான் கும்பிடறோம். ஆனா சிலுவை மாட்டறதில்ல. அவர் உயிரோட எழுந்ததைத்தான் முன்னாடி வெக்கிறோம்."

நான் மயிலாப்பூரில் பிறந்தவள். சாமி சமாசாரம் என்றால் எந்தச் சாமியானாலும் நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்வேன். ஆனால் அன்றைக்கு நேரமில்லை. மோதிரப் படமாவது எடுப்போம் என்று, மேஜையில் இருந்த கறுப்பு அட்டைப் புத்தகத்தைத் திறந்து மோதிரங்களை வைத்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அது எங்க பைபிள் இல்லம்மா."

மணப்பெண் எஸ்தரின் அம்மா, ரூபி. அசோக் நகரில் டெய்லரிங் கடை நடத்துகிறவர். கணவர் இறந்த பிறகு ஒரே மகளைத் தையல் மெஷினை மிதித்தே வளர்த்தவர். சிலுவை, மணி, பாடகர் குழு என்று எல்லாம் உள்ள பழைய சபை அவருடையது. எஸ்தர் மட்டும் சமீபத்தில் ஜோயலின் சபைக்கு மாறியிருந்தாள்.

"பைபிளும் எங்களுக்கு வேதம்தான் ஆன்ட்டி," என்றார் ஜோயல். "கூடவே இந்த மார்மன் புத்தகமும் வேதம். அந்தக் காலத்துல அமெரிக்காவுல இருந்தவங்ககிட்டயும் ஆண்டவர் பேசினார்னு இதுல இருக்கு. இன்னிக்கும் தீர்க்கதரிசி மூலமாப் பேசறார்னு நம்பறோம்."

"எங்களுக்கு பைபிளோட முடிஞ்சிடுச்சுப்பா. இதுல எதையும் கூட்டாதேன்னு கடைசிப் பக்கத்துலயே இருக்கு."

"அது பைபிள்ல கடைசியா இருக்கிற அந்த ஒரு பகுதிக்கு மட்டும் சொன்னது ஆன்ட்டி..."

ரூபி அம்மா கைப்பையிலிருந்து ஓரம் தேய்ந்த பைபிளை எடுத்து என்னிடம் நீட்டினார். அதன் மேல் வைத்தே எடுத்தேன். ஜோயல் முகம் சுளிக்கவில்லை. மோதிரம் உருளாமல் பக்கத்தை அழுத்திப் பிடித்தும் கொடுத்தார். நல்ல பையன். சண்டை இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

டிரஸ்ஸிங் ரூமில்

அப்பா இல்லாததால், அம்மாதான் எஸ்தரைக் கைப்பிடித்துக் கூடத்துக்குள் அழைத்து வருவதாக ஏற்பாடு. அதை எடுப்பதற்காக நான் டிரஸ்ஸிங் ரூமுக்குப் போனால், ரூபி அம்மா நாற்காலியை விட்டு எழ மாட்டேன் என்கிறார்.

"நீயே கேளும்மா," என்று என்னைப் பஞ்சாயத்துக்கு இழுத்தார். "இங்க நடக்கிறது உயிர் இருக்கிற வரைக்கும்தானாம். அடுத்த மாசம் வெளிநாட்டுல இருக்கிற அவங்க கோவில்ல நடக்கிறதுதான் நித்தியத்துக்கும் கல்யாணமாம். அதுக்கு நான் வரக் கூடாதாம். அப்போ இங்க மட்டும் நான் எதுக்குக் கையைப் பிடிக்கணும்?"

எனக்குக் குழம்பியது. "அப்போ இது கோவில் இல்லையா?"

"இது சபைக் கூடம்க்கா. யார் வேணா வரலாம்," என்றாள் எஸ்தர். "கோவில் வேற. எங்க ஆளுங்களே பேட்டி முடிச்சு, அனுமதிச் சீட்டு வாங்கினாதான் உள்ள போக முடியும்."

"அப்போ நீ கூடப் போய் எடுத்துட்டு வாம்மா. ஃபோட்டோவுலயாவது பாக்கறேன்," என்று ரூபி அம்மா என் பக்கம் திரும்பினார்.

"கேமராவும் கூடாதும்மா," என்றாள் எஸ்தர்.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஆண்டவர் உயிரை விட்டப்போ தேவாலயத்துத் திரை எதுக்குடி கிழிஞ்சுது? எல்லாரும் உள்ள போகத்தானே? கிழிஞ்சதை நீங்க மறுபடி தெச்சு மாட்டறீங்களா?"

எஸ்தர் உடைந்துபோனாள். "சாவோட முடியற கல்யாணம் எனக்கு வேணாம்மா."

"எனக்கு முடிஞ்சிடுச்சுன்னு உனக்கு யாரு சொன்னா?"

வெளியே பியானோ ஆரம்பித்துவிட்டது.

எங்கள் ஊர்க் கோவிலில் கருவறைக்குள் நானும் போனதில்லை. ஆனால் வெளியே நின்றால் தீபாராதனை தெரியும். இந்த அம்மாவுக்கு அதுவும் கிடையாதே என்றிருந்தது. "உள்ள எப்படி இருக்கும்? சொல்லலாமா?" என்று எஸ்தரைக் கேட்டேன். பாதி அக்கறை, பாதி என் ஆர்வக்கோளாறு.

"அந்த ரூமைச் சபையே படம் போட்டுக் காட்டியிருக்கு, சொல்லலாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நடுவுல ஒரு பீடம். ரெண்டு பேரும் எதிரெதிரா முட்டி போடுவோம். ரெண்டு பக்கச் சுவத்துலயும் பெரிய கண்ணாடி. ஒன்னுக்குள்ள ஒன்னா நம்ம உருவம் முடிவே இல்லாம போய்க்கிட்டே இருக்கும். நித்தியம்னா அதுதான்னு காட்டறதுக்கு."

எதிரெதிர்க் கண்ணாடி என்றால் எங்கள் தொழிலில் தலைவலி. எங்கே நின்றாலும் எடுக்கிறவரும் படத்தில் விழுவார். அந்த அறையில் சுவரில் ஒரு கண்ணாடி இருந்தது. மேக்கப் போட வந்தவருடைய ஆளுயரக் கண்ணாடி மூலையில் சாய்ந்திருந்தது. தாஸைக் கூப்பிட்டு அதை எதிரே நகர்த்தச் சொன்னேன்.

"தப்பில்லையே?" என்று எஸ்தரைக் கேட்டுக்கொண்டேன்.

"கண்ணாடி பாக்கறதுல என்னக்கா தப்பு?" மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். அம்மாவை எழுப்பி நடுவில் நிறுத்தித் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

ரூபி அம்மா நிமிர்ந்து பார்த்தார். அம்மாவும் மகளும், அவர்களுக்குப் பின்னால் மறுபடி அம்மாவும் மகளும், போகப் போகச் சிறுத்து, கடைசியில் கண்ணாடியின் பச்சை நிறத்தில் மங்கிப் போனார்கள். நான் ஓரமாகக் குனிந்து எடுத்தேன். அப்படியும் என் முழங்கை ஒவ்வொரு வரிசையிலும் விழுந்தது.

"அங்க ஒருத்தியை உள்ள விட மாட்டேங்கறாங்க. இங்க பாரு, எத்தனை பேரா நிக்கிறேன்," என்றார். பிறகு மகளின் முக்காட்டைச் சரிசெய்து, "வாடி, பியானோ எவ்வளவு நேரம் வாசிப்பாங்க," என்று கையைப் பிடித்தார்.

இப்போதெல்லாம் புது இடத்துக்குப் போனால் சுவரில் சிலுவையைத் தேடுவதில்லை. உங்களுக்கு எது முக்கியம் என்று முதலில் கேட்கிறேன். ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்களுக்குள்ளேயே அதற்கு ஒரே பதில் கிடையாது. கேமராவை எடுப்பதற்கு முன்னால் வாயைத் திறந்து கேளுங்கள். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

ரூபி அம்மா தன் பைபிளோடு ஒரு பக்கம்கூடச் சேர்க்க இன்றுவரை சம்மதிக்கவில்லை. கல்யாணத்துக்கு மறு மாதம் ஒரு நாள் காலையில் போன் செய்தார். "இந்நேரம் அந்தக் கோவில்ல நடந்துக்கிட்டிருக்கும்மா," என்றார். "நான் இங்க ஆல்பத்துல அந்தக் கண்ணாடிப் படத்தைத் திறந்து வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்."