ஒரு முழ அரசமரம்

வாசலில் கிடந்த இலையைக் குஞ்சம்மாள் துடைப்பத்தால் தள்ளவில்லை. குனிந்து எடுத்தாள். கட்டைவிரல் அகலம்தான், நுனி மட்டும் ஊசியாக நீண்டிருந்தது. விரலுக்குள் அப்பளமாக நொறுங்கியது. கள்ளக்குறிச்சியில் இத்தனை சின்ன அரச இலை அவளுக்குத் தெரிந்து ஒரே மரத்தில்தான் உண்டு. எதிர்வீட்டு மாடியில், தட்டு மாதிரியான ஒரு தொட்டியில், ஒரு முழ உயரத்தில் நிற்கும் மரம்.

அது காசிநாதன் சாருடையது. சுவர் வெடிப்பில் முளைத்த கன்றைப் பிடுங்கி வந்து, வேர் கழித்து, கம்பி சுற்றி, இருபத்திரண்டு வருஷமாகக் குள்ளமாகவே வளர்த்திருந்தார். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டித் தோள் இறங்கிப்போன குஞ்சம்மாள் ஆறு வருஷமாக அவர் வீட்டைப் பெருக்குகிறாள். அவரைத் தவிர அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும் கை அவளுடையது மட்டும்தான். நெஞ்சு ஆப்பரேஷனுக்குச் சென்னை போகும்போதும் சாவியை அவளிடம்தான் கொடுத்தார்.

அவர் போன மூன்றாம் நாள் அவளுடைய கொழுந்தனார் செத்துப்போனார். பதினாறு நாள் தீட்டு. அரசமரம் சாமி, குள்ளமாக இருந்தால் மட்டும் சாமி இல்லையா? தீட்டுக் கை பட்டால் மரம் பட்டுப்போகும் என்று பயந்து, பக்கத்து வீட்டுத் தையல்காரன் பச்சமுத்துவிடம் சாவியைக் கொடுத்துவிட்டாள். இன்று தீட்டின் ஒன்பதாம் நாள். அக்கினி வெயில்.

"டேய் பச்சமுத்து, ரெண்டு வேளயும் தண்ணி ஊத்துறியா இல்லியா?"

"ஊத்திக்கினுதான் இருக்கேன் யக்கா. ஒரு முழ மரத்துக்கு டேங்கரா கொண்டாரணும்? எல மேல பளிச்சுனு அடிச்சா குளுந்துடுது."

"எலைக்கா ஊத்துன? வேருக்கு?"

"அத்த நீ சொல்லலியே."

அவன் சின்னசேலம் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவள் திண்டாட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே சாவியை நீட்டினான். "நீயே போய் உன் சாமிய எழுப்பு."

மாடிக்குப் போனவள் நாலடி தள்ளியே நின்றாள். மண் சுருங்கித் தொட்டியின் விளிம்பை விட்டு விலகியிருந்தது. மீதி இருந்த இலைகள் தலைகீழாகத் தொங்கின. தொட்டால் பாவம். தொடாவிட்டால் சாயங்காலத்துக்குள் விறகு.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. சார். நாளைக் காலையில் அவருக்கு ஆப்பரேஷன். குஞ்சம்மாள் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்வதற்குள் துணி அலசும் பேசினைக் குழாயடியில் இழுத்துப் போட்டு நிரப்பினாள். 'என்ன ஆனாலும் எம்மேல வரட்டும்' என்று முணுமுணுத்துக்கொண்டு தொட்டியை இரு கையாலும் தூக்கினாள். காய்ந்த தேன்கூடு போல எடையே இல்லை. தண்ணீருக்குள் முழுக இறக்கியதும் மண்ணிலிருந்து குமிழிகள் மளமளவென்று கிளம்பின.

போன் மறுபடி அடித்தது.

"குஞ்சம்மா, மரம் எப்படி இருக்கு?"

நல்லா கீது சார் என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

"பாதி எல கொட்டிப்போச்சு சார். எனக்குத் தீட்டு. தொடக் கூடாதுன்னு பச்சமுத்து கையில வுட்டுட்டேன். இப்பதான் பேசின்ல முக்கிக்கீறேன். நானேதான் தொட்டேன்."

இந்த நேரத்தில் சொல்லியிருக்கக் கூடாதோ? அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"நகத்தால அடிமரத்தக் கீறிப் பாரு."

"சார்…"

"கொஞ்சமா. பச்சயா இருக்கா, பழுப்பான்னு சொல்லு."

தொட்டதே போதாதென்று கீறவும் வேண்டுமா? கண்ணை மூடிக்கொண்டு நகத்தை அழுத்தினாள். பட்டை சுலபமாக உரிந்தது. பார்க்கப் பயந்து ஒரு கணம் அப்படியே இருந்தாள்.

"இன்னா நிறம் குஞ்சம்மா?" அவர் குரல் உடைந்திருந்தது.

"பச்ச சார். ஈரப் பச்ச."

"குமிழி நிக்கிற வரைக்கும் எடுக்காத. அப்புறம் நிழல்ல வெய்யி. நாளைக்கும் நீயே ஊத்து."

"இன்னும் ஏழு நாள் தீட்டு கீதே சார்?"

"அந்தப் பாவம் என் கணக்குல இருக்கட்டும்."

"ஆப்பரேஷன் பண்ணிக்கப் போற மனுசன் பேசுற பேச்சா இது? உங்க மேல ஒண்ணும் வாணாம். வந்து மரத்தப் பாருங்க, போதும்," என்று அதட்டிவிட்டுப் போனை வைத்தாள். குமிழி இன்னும் ஒன்றிரண்டு வந்துகொண்டிருந்தது. அவள் பேசின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.