குரலில் நடந்த கம்பெனி

உங்கள் கம்பெனி எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் வன்னியபெருமாள் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டுவார். கேட்டவர் சிரிப்பார், இவர் சிரிக்க மாட்டார். வேடிக்கைக்குச் சொல்வதில்லை அது. கோவில்பட்டியில் ஒரு வாடகை வீடு, ஒரு போன், ஒரு சார்ஜர், அவ்வளவுதான் அவருடைய சொத்து. போர்டு கிடையாது, கல்லாப்பெட்டி கிடையாது, சம்பளத்துக்கு ஒரு ஆள் கிடையாது. அப்படியிருந்தும் மாதம் தவறாமல் சென்னைக்கும் பெங்களூருக்கும் ‘கரிசல் ருசி’ என்று பெயர் போட்ட மிளகாய்த்தூள் பாக்கெட் போய்க்கொண்டிருந்தது.

எப்படி என்றால், ஆளுக்கு ஒரு வேலை. விளாத்திகுளத்தில் அழகுத்தாயும் அவள் புருஷன் பாண்டியராஜனும் வெள்ளாமை செய்யும் சம்சாரிகளிடம் மிளகாய் வத்தல் வாங்கிக் காயப்போட்டு, காம்பு கிள்ளி மூட்டை கட்டுவார்கள். கழுகுமலையில் காளிராஜ் தன் மில்லில் அரைப்பான். ஓட்டப்பிடாரத்தில் பூவனநாதன் வீட்டில் பாக்கெட் போடுவார்கள். இப்படி ஏழெட்டுக் குடும்பம். செவ்வாய்க்கிழமை ஒரு லோடு வண்டி இவர்களை எல்லாம் சுற்றி வரும். ஒருவர் சரக்கு ஏற்றவில்லை என்றால் அடுத்தவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இதில் அதிசயம், இவர்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. ஒருவர் சொல்லி ஒருவர், போனிலேயே சேர்ந்தவர்கள். வன்னியபெருமாளையும் அவர்களுக்குக் குரலாகத்தான் தெரியும்.

அதற்கு முன் அவர் தீப்பெட்டி ஆபீஸில் சூப்பர்வைசர். காலை சங்கு ஊதுவதற்கு முன்பே அவர் குரல் ஊதிவிடும் என்று அங்கே வேலை பார்த்த பெண்கள் கேலி பேசுவார்கள். லைட்டர் வந்து தீப்பெட்டியை அடித்துப் போட்டதும் முதலாளி ஆபீஸைப் பூட்டிவிட்டார். வேறு மனுஷனாக இருந்தால் கடைவீதியில் உட்கார்ந்து காலத்தைப் பழித்திருப்பான். இவர் போனைக் கையில் எடுத்தார்.

கம்பெனிக்கு இரண்டே சட்டம், இரண்டும் அவர் போட்டவை. எழுத்தில் வரும் ஆர்டர் செல்லாது, அவர் வாயால் சொன்னால்தான் மூட்டை நகர வேண்டும். ஆரம்பத்தில் எவனோ அவர் பெயரில் எழுதி அனுப்பி ஒரு வண்டி வத்தலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான், அந்தச் சூட்டில் போட்ட சட்டம் இது. தவிர அழகுத்தாய் மாதிரி எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களும் கூட்டத்தில் இருந்தார்கள். இரண்டாவது, ஒரு தடவை பேசிவிட்ட லோடை மாற்ற வேண்டுமானால் அவர் மறுபடி சொல்ல வேண்டும். அவரிடமிருந்து மறுபேச்சு இல்லை என்றால் பேசினது பேசினபடி.

மதுரையிலிருந்து ப்ரியதர்ஷினி என்று ஒரு பெண் வந்தாள். கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், கட்டடம் இல்லாமல் பலர் சேர்ந்து நடத்தும் கம்பெனிகளைப் பற்றித்தான் அவளுடைய ஆராய்ச்சி. இவர் பேச்சையெல்லாம் பதிந்துகொண்டாள்.

“வெளிநாட்டுல இதை கம்ப்யூட்டரை வச்சு நடத்துறாங்க சார். நீங்க வாயை வச்சு நடத்துறீங்க” என்றாள்.

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இன்னொரு டம்ளர் காப்பி கொண்டுவரச் சொன்னார். போகிற போக்கில் அந்தப் பெண் ஒன்று கேட்டாள்.

“இதெல்லாம் உங்க ஒருத்தரை நம்பி நிக்குது. உங்களுக்கு முடியாமப் போனா என்ன ஆகும் சார்?”

“எனக்கு என்னம்மா ஆகப் போவுது” என்றார்.

ஆகத்தான் செய்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் குரல் கரகரத்தது. மிளகாய் நெடி என்றார், சளி என்றார், பனங்கற்கண்டு என்றார். மனைவி ஆவுடைத்தாய் சண்டை போட்டு மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். குரல்வளையில் புற்று. எடுத்துவிட்டால் உயிர் நிற்கும், பேச்சு நிற்காது என்றார் டாக்டர். ஆவுடைத்தாய் முந்தானையை வாயில் வைத்து அழுதாள். இவர் அழவில்லை. ஆபரேஷனுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

பாவி மனுஷன், அந்த நாள்களில் என்ன செய்தார் தெரியுமா? வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, பழைய போனில் தன் குரலைப் பதிந்து வைத்தார். ஒவ்வொருவர் பெயர், ஒன்றிலிருந்து நூறு வரை எண்கள், கிழமைகள், சரக்கின் பெயர்கள். “ஏத்துங்க.” “வண்டி வருது.” “எத்தனை மூட்டை?” “சரி, ஆகட்டும்.” “டாக்டர் அதிகமாப் பேசக் கூடாதுன்னுட்டாரு, மெசேஜ் போடுங்க.” வியாபாரத்துக்கு வேண்டியது எல்லாம் பதிந்தார். ‘வேண்டாம்’ என்ற சொல்லைப் பதியவில்லை. அவர் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. எந்த ஆர்டரையும் தட்டாதவர் என்பது அவருடைய பெருமை.

“ஏங்க, எல்லாப் பேரும் சொல்லுதிய, எம்பேரச் சொல்லலியே” என்று கேட்டாள் ஆவுடைத்தாய்.

“நீதான் பக்கத்துல இருக்கியே ஏட்டி” என்றார்.

அவரும் யோசித்துச் சொல்லவில்லை, அவளும் மனதில் வைக்கவில்லை. மறுவாரம் மூச்சு விடக் கழுத்தில் போட்ட துளையோடு வீடு வந்து சேர்ந்தார்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் சிரிப்பும் வரும், வயிற்றெரிச்சலும் வரும். பழைய போனில் இருக்கும் குரலை ஓடவிட்டு, புதிய போனில் பிடித்து வாய்ஸ் மெசேஜாக அனுப்புவார். “காளிராஜ்.” “செவ்வாய்.” “நாப்பது.” “ஏத்துங்க.” அண்ணாச்சி இப்போது பேச்சைக் குறைத்துவிட்டார் என்று மட்டும் அவர்கள் நினைத்தார்கள். உடம்பு சரியில்லாதவர் அப்படித்தானே பேசுவார். வண்டி வழக்கம்போல ஓடியது. ஆவுடைத்தாய்க்கு மட்டும் இது பிடிக்கவில்லை.

“சொல்லிப்புடுங்க. நான் ஒங்களுக்குப் பதிலா பேசுதேன். அவிய என்ன கடிச்சா திங்கப் போறாவ?”

அவர் தலையை ஆட்டி மறுத்துவிடுவார். குரல் போனது தெரிந்தால் கம்பெனி கலைந்துவிடும் என்ற பயம் அவரைப் பிடித்து ஆட்டியது. சரக்கு வாங்கும் பெங்களூர்க்காரன் வேறு ஆளைத் தேடுவான், காளிராஜ் மில்லை வேறு சரக்குக்குத் திருப்புவான், ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். தீப்பெட்டி ஆபீஸ் பூட்டியபோது தெருவில் நின்றதை அவர் மறக்கவில்லை. வீம்பு என்றும் சொல்லலாம், பயம் என்றும் சொல்லலாம்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அழகுத்தாயின் குரல் மெசேஜாக வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

“அண்ணாச்சி, எங்க வீட்டுல இவியளுக்கு நெஞ்சு வலின்னு தூத்துக்குடியில ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருக்கேன். நாளைக்கு வண்டி வருமே. வத்தல் கட்டாமக் கெடக்கு. நான் ஊருக்குப் போயி ஏத்திட்டு வரட்டா, இல்ல இங்கனயே இருக்கட்டா? ஒத்த வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி.”

அவர் பழைய போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஏத்துங்க இருந்தது. எத்தனை மூட்டை இருந்தது. அவள் பெயர் இருந்தது. லோடு கிடக்கட்டும், நீ அவன் பக்கத்தில் இரு என்று சொல்ல ஒரு வார்த்தை இல்லை, எழுதி அனுப்பினால் அவளுக்குப் படிக்கவும் தெரியாது.

ஆவுடைத்தாய் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். போனை வாங்கக் கையை நீட்டினாள்.

“குடுங்க இப்படி. ‘போவாத தாயி’ன்னு நான் சொல்லுதேன்.”

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது. அவ புருஷன் ஆஸ்பத்திரில கெடக்காரு.”

அவர் பிடியை விடவில்லை. புருஷன் படுத்துக் கிடக்கையில் எந்தப் பெண் மூட்டை கட்டப் போவாள், இருந்துவிடுவாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அப்படி நம்புவது அவருக்குச் சௌகரியமாக இருந்தது. பதில் போகவில்லை. ஆவுடைத்தாய் கையை உருவிக்கொண்டு எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் வண்டிக்காரன் எப்போதும்போல் தகவல் அனுப்பினான். “விளாத்திகுளம் லோடு ஏறிட்டு அண்ணாச்சி.” சற்று நேரத்தில் காளிராஜ் குரல் வந்தது. பாண்டியராஜன் காலையில் இறந்துவிட்டான். அழகுத்தாய் ஊரில் மூட்டைக்குச் சாக்கு தைத்துக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியில் உயிர் போயிருக்கிறது. பக்கத்தில் வீட்டு மனுஷர் யாரும் இல்லை.

இருவரும் பஸ் ஏறி விளாத்திகுளம் போனார்கள்.

துஷ்டி வீட்டுப் பந்தலில் ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனிக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், முதல்முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “நீங்கதான் ஓட்டப்பிடாரமா?” “ஆமா, நீங்க கழுகுமலைதான?” குரலை வைத்து ஆளை அடையாளம் பிடித்தார்கள். கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டு ஓரத்தில் உட்கார்ந்தவரை யாருக்கும் தெரியவில்லை.

“அண்ணாச்சியக் காணமே” என்றார் பூவனநாதன்.

“ஒரு மெசேஜு கூடப் போடலியே. நம்ம அண்ணாச்சியா இப்படின்னு இருக்கு” என்றான் காளிராஜ்.

வன்னியபெருமாள் எழுந்து அவன் முன்னால் போய் நின்றார். துண்டை எடுத்தார். காளிராஜ் துளையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், ஒன்றும் விளங்காமல் விழித்தான்.

“இவியதான் அண்ணாச்சி. பேச்சு போயி ஆறு மாசமாச்சு” என்றாள் ஆவுடைத்தாய்.

காளிராஜ் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினான். இத்தனை நாளும் வந்த குரல் முன்பே பழைய போனில் பதிந்து வைத்தது என்று ஆவுடைத்தாயே சொன்னாள்.

அவள் உள்ளே போனாள். இவர் வாசற்படியில் நின்றார். பெண்களுக்கு நடுவில் அழகுத்தாய் உட்கார்ந்திருந்தாள், விரல்களில் இன்னும் வத்தல் சிவப்பு போகவில்லை. வந்திருப்பது யாரென்று பக்கத்திலிருந்தவள் சொன்னதும் நிமிர்ந்தாள்.

“ஒத்த வார்த்தை கேட்டேனே மதினி. இருன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பேனே. பதிலே வரலன்னதும் பேசினது பேசினபடின்னு ஓடியாந்தேன். தண்ணி கேட்டாவளாம் கடைசில. குடுக்க ஆளில்ல.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு கேட்டாள். “அவியளுக்குத்தான் பேச்சில்ல. ஒங்களுக்கு என்ன மதினி?”

ஆவுடைத்தாய் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் முகம் கிடந்த கிடப்பு அவளுக்குப் பொறுக்கவில்லை போலும்.

“அவிய சொல்லச் சொல்லித்தான் கை காட்டுனாவ தாயி” என்றாள். “நாந்தான் அடுப்பு வேலையில அசந்துட்டேன். ராத்திரிதான் ஞாவம் வந்துது. தப்பு எம்மேலதான்.”

அழகுத்தாய் அவளையே பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வன்னியபெருமாள் தலையைத் தலையை ஆட்டினார். இல்லை, இல்லை என்று மார்பில் அடித்துக்கொண்டார். கழுத்துத் துளை வழியாகக் காற்றுதான் வந்தது. காளிராஜ் ஓடிவந்து அவரைத் தாங்கிப் பிடித்து, “மனசத் தேத்துங்க அண்ணாச்சி” என்று வெளியே கூட்டிக்கொண்டு போனான்.

அவர் பயந்த எதுவும் நடக்கவில்லை. ஒருவரும் கழன்றுகொள்ளவில்லை, பெங்களூர்க்காரன் இரண்டு வார்த்தை வருத்தம் சொல்லிவிட்டு அடுத்த ஆர்டரைப் போட்டான். இனிமேல் மதினி பேசட்டும் என்று பந்தலிலேயே பூவனநாதன் சொல்லிவிட்டார். முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அதை நினைத்து நினைத்து அவர் உருகிப்போனார்.

ஆவுடைத்தாய் பேச ஆரம்பித்தாள். வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் நலம் விசாரித்து, கிண்டல் பேசித்தான் சரக்கைப் பற்றிச் சொல்வார்கள். அழகுத்தாய் மட்டும், “ஏத்தியாச்சு” என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அதற்கு மேல் ஒரு சொல் வராது. கொஞ்ச நாளில் மற்றவர்கள் பேச்சிலும் ஒரு தயக்கம் வந்துவிட்டது. விளாத்திகுளத்துக்காரி விஷயத்தில் இந்த அம்மாள் செய்ததை யார்தான் மறப்பார்கள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் தாங்க முடியாமல் நடந்தது அத்தனையையும் எழுதினார். அவள் பேசத்தான் போனை வாங்க வந்தாள், கையைப் பிடித்துத் தடுத்தது நான், என் கம்பெனிக்குப் பயந்து தடுத்தேன், அவள் மேல் குற்றம் இல்லை. காளிராஜுக்கு அனுப்பி, விளாத்திகுளத்துக்கு நேரில் போய் அழகுத்தாய்க்கு இதைப் படித்துக் காட்டு என்று கேட்டுக்கொண்டார். காளிராஜ் நல்ல பையன், போனான். சாயங்காலம் அவன் குரல் வந்தது. ஆவுடைத்தாய் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள், அவள் காதிலும் விழுந்தது.

“அண்ணாச்சி, படிச்சுக் காமிச்சேன். கேட்டுட்டு அழுதுட்டாவ. ‘அண்ணாச்சி மாதிரி மனுஷன் ஒலகத்துல கெடையாது. பொண்டாட்டி செஞ்ச தப்பத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிடுதாவ பாரு’ன்னு சொன்னாவ. எங்களுக்கும் அப்படித்தான் தோணுச்சு அண்ணாச்சி.”

சுளகு நின்றது. அவர் அவள் பக்கம் திரும்பத் துணியாமல் உட்கார்ந்திருந்தார். ஆவுடைத்தாய் எழுந்து வந்து அவர் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

“இனிமே எழுதாதீங்க. நீங்க எழுத எழுத எம்பேருதான் கெடுது” என்றாள்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, நாளைக்கு எத்தனை மூட்டை என்று அழகுத்தாயிடம் கேட்டாள்.