ஃபிலோமினா அம்மாவும் இரண்டு தட்டுகளும்

ஃபிலோமினா அம்மா போன செவ்வாய்க்கிழமை காலை காலமானார். பெங்களூரு ரயிலில் தொங்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பிவிட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கோலார் தங்கவயல் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையின் சவக்கிடங்கில் அவர் உதவியாளராக இருந்தார்.

என் மாமா விபத்தில் இறந்தபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். மாமாவைச் சிமெண்டுத் தரையில் கிடத்தி, சுற்றிலும் ஐஸ் கட்டிகள் அடுக்கியிருந்தார்கள். தண்ணீர் வாசல்வரை ஓடியிருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னாங்க இது, பொணம் வைக்கிற எடமா, மீன் மார்க்கெட்டா?" என்று கத்தினேன்.

அவர் துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை. "நீ இன்னா வேல பாக்குற தம்பி?"

"ஐஸ்கிரீம் குடோன்ல கூலிங் மெக்கானிக்."

"அப்ப வாயால ஏன் குளிர வைக்கிற? கையால வை" என்று மூலையைக் காட்டினார். உடல்களை வைக்க இரண்டு தட்டுகள் கொண்ட குளிர்பெட்டி ஓடாமல் கிடந்தது. உள்ளே பினாயில் பாட்டில்கள்.

கம்ப்ரஸர் நன்றாகத்தான் இருந்தது, கரண்ட் போதவில்லை. தனி லைன் இழுக்க கோலார் மாவட்ட ஆபீசில் கையெழுத்து வேண்டும். நானாக இருந்தால் இரண்டாம் நாளே சண்டை போட்டிருப்பேன். அம்மா லீவு நாளிலெல்லாம் பஸ் ஏறிப் போய் அந்த ஆபீசில் உட்கார்ந்தார். "நாளைக்கு வாங்க" என்றால், "பரவால்ல சார். எங்க ரூம்ல இருக்கிறவங்களும் பேசாம காத்துனுதான் இருக்காங்க" என்பாராம். கையெழுத்து வந்தது.

பெட்டி ஓடியது. குடோன் பழக்கத்தில் நான் மைனஸில் செட் செய்துவிட்டேன். மறுநாள் ஊரிகத்துக்காரர் ஒருவரின் உடல் கல்லாக உறைந்து, டாக்டரால் பரிசோதனை செய்ய முடியவில்லை. அம்மா என் பெயரை எடுக்கவே இல்லை. தானே குடும்பத்தாரிடம் போய் மன்னிப்புக் கேட்டார். பிறகு என்னிடம், "நாலு டிகிரி போதும் தம்பி. இவங்க இன்னா குச்சி ஐஸா?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவர் இறந்த அன்று இரண்டு தட்டுகளிலும் ஆள் இருந்தது. ஒன்றில் ஆண்டர்சன்பேட்டைக்காரர். இன்னொன்றில் தண்டவாளத்தோரம் கிடைத்த, யாரென்றே தெரியாத மனிதர். வாடகைக்கு விடும் குளிர்பெட்டியும் அன்று கிடைக்கவில்லை. அம்மாவின் ஒரே மகள் ஷீலா துபாயிலிருந்து வந்துசேர இரண்டு நாளாகும். பெற்றவர் முகத்தைப் பிள்ளை பார்க்காமல் எங்கள் ஊரில் எடுக்க மாட்டார்கள்.

"கேக்க ஆளில்லாத பொணம்தானே? அத கீழ வச்சிட்டு அம்மாவ வைக்கிறேன்" என்று ஷீலாவிடம் போனில் சொன்னேன். நான்தான் சொன்னேன்.

"அம்மா இருந்தா உங்கள உள்ள வுட்டிருப்பாங்களா அண்ணா?" என்று அழுதார். "அவருக்கும் யாராவது தேடினு வருவாங்க. சாயந்திரமே அடக்கம் பண்ணிடுங்க. நான் வீடியோல பாத்துக்கறேன்."

அப்படியே செய்தோம்.

வியாழக்கிழமை, மூன்றாவது தட்டுக்காகச் சுவரை அளந்துகொண்டிருந்தேன். அதற்கான மனுவை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் கோலார் போகப்போவது நான்தான். போலீஸ்காரரோடு ஒருவர் வந்தார். தண்டவாளத்தோரம் கிடைத்தவரின் தட்டை இழுத்தேன். "அண்ணன்தான்" என்றவர், அந்த முகத்தில் கை வைத்தபடி நின்றார். எப்போதும் அவசரப்படுகிற நான், அவர் கையை எடுக்கும்வரை பேசாமல் நின்றேன்.

போய் வாருங்கள், அம்மா.