மணவூரில் இறங்காத மாதங்கள்

சண்டை முடிந்துவிட்டது என்று ஊரே சந்தோஷப்பட்டபோது நானும்தான் சந்தோஷப்பட்டேன். அதோடு என் வேலையும் முடிந்தது என்பது அப்போது உறைக்கவில்லை. அரக்கோணத்தில் பட்டாளத்துச் சாமான்கள் வைக்கும் கிடங்கில் நான் டைப்பிஸ்ட். சண்டைக்காகத் திறந்த கிடங்குக்குச் சண்டை போன பிறகு என்ன வேலை? கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறவர்கள் பட்டியலை என்னிடமே கொடுத்து அடிக்கச் சொன்னார்கள். இருபத்தாறாவது பெயர் என்னுடையது. ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன். அதில் இன்றைக்கும் எனக்கு ஓர் அற்பப் பெருமை உண்டு.

அதற்குப் பதினைந்து நாள் முன்புதான் என் மனைவிக்கு வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு மணவூருக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அங்கே அவள் அப்பாவுக்கு நஞ்சையும் புஞ்சையும் உண்டு. நான் திருத்தணியில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா புருஷனை, எங்கள் பக்கத்து வழக்கப்படி, பாவா என்று கூப்பிடுவேன்.

மனைவி முழுகாமல் இருக்கும்போது புருஷன் சவரம் செய்துகொள்ளக் கூடாது என்பதும் எங்கள் பக்கத்து வழக்கம்தான். பிள்ளை பிறந்ததும் மழித்துவிடுவார்கள். நான் அதோடு விடவில்லை. வேலை போன மறுநாள் காலையில் மலை ஏறி, சந்நிதியில் நின்று, வேலை கிடைத்த பிறகுதான் இந்தத் தாடியை உன் மலையில் இறக்குவேன், அதற்குப் பிறகுதான் மணவூருக்குப் போய் அவளையும் பிள்ளையையும் அழைத்து வருவேன் என்று வேண்டிக்கொண்டேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைப்பு. முருகன் இதைக் கேட்டானா என்ன? நானாகத்தான் சொன்னேன்.

தை மாதக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. அக்காவும் பாவாவும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். நான் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அப்படி என்ன ரோஷம் என்று அக்கா திட்டினாள். மாமனார் வீட்டுக்கு வேலையில்லாத மாப்பிள்ளையாகப் போவதில் உள்ள சங்கடம் அவளுக்குத் தெரியாது. அவர் ஒன்றும் கடுமையாகப் பேச மாட்டார். நிலம் இருக்கிறது, இங்கேயே இருந்துவிடுங்கள் மாப்பிள்ளை என்பார். அதுதான் எனக்குப் பயம்.

என் மனைவி கார்டில் பென்சிலால் நாலு வரி எழுதுவாள். பாப்பாவுக்கு உங்கள் நெற்றி, பால் நன்றாகக் குடிக்கிறது, எப்போது வருகிறீர்கள்? நான் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுவேன். எந்தெந்தக் கம்பெனிக்கு மனுப் போட்டேன், எங்கிருந்து என்ன பதில் வந்தது, எல்லாம் இருக்கும். எப்போது வருகிறேன் என்பது மட்டும் இருக்காது.

சும்மா உட்கார்ந்தால் மனசு கெட்டுப்போகும் என்று எனக்கு நானே ஒரு கட்டுத்திட்டம் வைத்துக்கொண்டேன். விடிந்ததும் மலைப்படி. இறங்கி வந்து குளித்து, ஆபீசுக்குப் போகிறவனைப் போல வெள்ளை வேட்டி சட்டையோடு வாசகசாலை. பத்திரிகையில் காலி இடங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்வேன். மத்தியானம் ஒரு மனுவாவது எழுதித் தபாலில் போட்டுவிட வேண்டும். சாயங்காலம் டைப் பழக்கம். மிஷின் ஏது? உட்காரும் மணையை எதிரே வைத்துக்கொண்டு, எழுத்துகள் இருக்கும் இடத்தை நினைத்து விரலால் தட்டுவேன்.

"மணையில அடிச்ச லெட்டர எந்தத் தபால்ல போடப்போறே?" என்று பாவா கேட்டார். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஆரம்பத்தில் ஆபீஸ் கடிதங்களாகத்தான் அடித்தேன். போகப் போக அவளுக்கு அடிக்க ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், அவளுக்குத் தெரியாத பாஷையில், தமிழில் சொல்ல வெட்கப்பட்டதையெல்லாம் அந்த மணையில் தட்டினேன். நீ இல்லாமல் சோறு இறங்கவில்லை என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அடித்திருப்பேன். யார் படிக்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

இன்டர்வியூ என்றால் பட்டணம்தான். திருத்தணியில் ஏறி, அரக்கோணத்தில் வண்டி மாறி, பாசஞ்சரில் போக வேண்டும். அந்த வண்டி வழியில் மணவூரில் நிற்கும். இரண்டு நிமிஷம் நிற்கும். ஸ்டேஷனிலிருந்து ஏரிக்கரை மேலே பத்து நிமிஷம் நடந்தால் அவர்கள் வீடு. போகும்போதும் வரும்போதும் அந்த இரண்டு நிமிஷம் எனக்கு யுகமாகப் போகும். இறங்கு என்று கால் சொல்லும். என்னத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்று தலை கேட்கும். அதற்குள் கார்டு விசில் ஊதிவிடுவார். வண்டி நகர்ந்ததும் அப்பாடா என்றிருக்கும். திருவள்ளூர் வரும்வரை ஜன்னலில் தலையை நீட்டிப் பின்னால் பார்த்துக்கொண்டே இருப்பேன். இப்படி எத்தனை தடவை என்று சொன்னால் என்னைப் பைத்தியக்காரன் என்பீர்கள்.

ஆடி மாதத்தில் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். அன்று காலை அரக்கோணத்தில் வண்டிக்கு நேரம் இருந்ததால் பாயைப் பார்க்கப் போனேன். கிடங்கில் ஃபிட்டராக இருந்தவர், என்னோடு சேர்த்து வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர். மறுமாதமே ஸ்டேஷனுக்கு வெளியே சைக்கிள் ரிப்பேர் போட்டு உட்கார்ந்துவிட்டார். டீ சொல்லிவிட்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கோவிச்சிக்காதப்பா. எனக்கும் தாடி, உனக்கும் தாடி. என்னுத பாத்தா பாய் வர்றான்னு தெரியும். உன்னுத பாத்தா இவனுக்கு இன்னும் வேலை கெடைக்கலைன்னு தெரியுது."

எனக்குச் சுருக்கென்றது. வேண்டுதலைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

கம்பெனியில் ஹெட் கிளார்க் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். பக்திமான், புரிந்துகொள்வார் என்று எனக்குத் தெம்பு வந்தது. டைப் அடிக்கச் சொன்னார். மணையில் தட்டிய விரலுக்கு நிஜ மிஷின் கிடைத்தால் கேட்க வேண்டுமா, பறந்தது. அவருக்கும் திருப்திதான். பிறகு தாடியைப் பார்த்து, திருத்தணி வேண்டுதலா என்று பிரியமாகவே விசாரித்தார். ஆமாம், வேலைக்காகக் கார்த்திகையில் வேண்டிக்கொண்டது என்றேன். அவர் விரல் விட்டு மாதங்களை எண்ணினார்.

"எட்டு மாசமா ஒருத்தருமா எடுத்துக்கலை?"

பொல்லாத எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனால் கேட்ட பிறகு என் மனுவை இன்னொரு தடவை புரட்டினார். எட்டு மாதமாக மற்றவர்கள் கண்ட குறை என்ன என்று தேடுகிறார் என்று புரிந்தது. அதை எடுத்து மற்ற மனுக்களுக்கு அடியில் வைத்தார். சொல்லி அனுப்புகிறோம் என்றார். நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

திரும்பும் வண்டியில் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பாய் மேல், ஹெட் கிளார்க் மேல், முருகன் மேல், கடைசியில் என் மேல். வேலை கிடைக்க வளர்த்த தாடியே வேலையைக் கெடுக்கிறது. வேலை கிடைக்காதவரை தாடி போகாது. தாடி போகாதவரை பெண்டாட்டி பிள்ளை முகம் கிடையாது. என்ன கணக்கு இது, எந்த முட்டாள் போட்ட கணக்கு? மணவூர் வந்தது. வண்டி நின்றது. யோசிக்காமல் இறங்கிவிட்டேன்.

இன்டர்வியூவுக்காகப் போட்டிருந்த கோட்டை வெயிலுக்குக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் நடந்தேன். வீட்டு வாசலில் போய் நின்றேனே தவிர, கூப்பிட வாய் வரவில்லை. என்னவென்று கூப்பிடுவது?

அது ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம். திருத்தணிக்கு வேண்டிக்கொண்டவர்கள் தாடியோடு வீடு வீடாகப் பிச்சை வாங்கிக்கொண்டு போகும் சமயம். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. அம்மாவிடம் சொல்கிறாள்.

"கிருத்திகைக்குப் போற சாமி வந்துகீறாரும்மா."

இடுப்பில் குழந்தையும் கையில் முறத்தில் அரிசியுமாக வந்தாள். பிச்சை போடுகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் தலையில் இருந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் ஏந்தினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவள் அரிசியைக் கொட்டினாள். வாங்கிக்கொண்டவர்கள் அரோகரா என்பார்கள். நான் ஒன்றும் சொல்லாததால் நிமிர்ந்து பார்த்தாள்.

முறம் கீழே விழுந்தது. குழந்தை என்னைப் பார்த்துவிட்டு அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று சொன்னேன். சொல்ல எனக்கு வேறு என்ன இருந்தது?

"வேலையவா நான் கட்டிக்கினேன்?" என்றாள்.

அன்று சாயங்காலமே மாமனார் நாவிதரை வரவழைத்தார். வேண்டுதலை மீறினால் சாமிக் குத்தமாகிவிடும் என்று மாமியார் பதறினாள். மலைமேல் இருக்கிறவரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். என்ன பேசினாளோ, குழந்தையின் முதல் முடியை என் கணக்கிலும் சேர்த்துத் திருத்தணியில் இறக்கினோம். அடுத்த இன்டர்வியூவுக்கு மழித்த முகத்தோடு போனேன். அதிலும் கிடைக்கவில்லை. புரட்டாசியில் பட்டணத்தில் ஒரு தோல் கம்பெனியில் கிடைத்தது. அந்த வேலையில் முப்பது வருஷம் இருந்தேன்.

என் மனைவி இதை ஒரு நாளும் குத்திக் காட்டியதில்லை. நானாகத்தான் கேட்பேன். பார்க்காமல் விட்ட மாதங்களைப் பற்றிக் கேட்கக் கேட்க எனக்கு அலுப்பதில்லை. பாப்பா முதலில் எப்போது சிரித்தாள், எப்போது முகம் பார்க்கத் தொடங்கினாள் என்று துளைத்தெடுப்பேன். அவளும் பொறுமையாகச் சொல்வாள். குழந்தை முதன்முதலாகக் குப்புறக் கவிழ்ந்தது வைகாசியில், ஏரிக்கரை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றின ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலையில். பாசஞ்சர் வந்து நின்ற சத்தம் கேட்டதாம். அந்தப் பக்கம் தலையைத் தூக்கிப் பார்த்து, அப்படியே புரண்டுவிட்டதாம்.

அன்று அந்த வண்டியில் நான் இருந்தேன். இதை மட்டும் அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.