செலி அக்காவின் ஜூலை 22

செலி அக்கா போய்விட்டார். இன்று காலை அவர் மகள் வாட்ஸ்அப்பில் சொன்னாள். மாரடைப்பாம்...

கடல் தாண்டி, சரவாக் மாநிலத்தில் காப்பிட் ஊர்க்காரர். இங்கே சிலாங்கூரில், ரவாங் ஃபேக்டரியில் பதினொரு வருடம் எனக்குப் பக்கத்து மிஷின். எங்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர். அவர் திட்டினால் எனக்கே சில வார்த்தைகள் புதுசாக இருக்கும்.

எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். தீபாவளிக்கு சரவாக்கில் பொது விடுமுறை கிடையாது. ஜூலை 22க்கு சிலாங்கூரில் கிடையாது. வெள்ளைக்காரன் கையிலிருந்து ஆட்சி வந்த நாள் என்று சரவாக்கில் மட்டும் லீவு.

அதனால் தீபாவளியன்று ஃபேக்டரி ஓடினால் என் ஷிப்டை அவர் பார்ப்பார். நான் கோலசிலாங்கூர் தோட்டத்தில் அம்மா வீட்டில் இருப்பேன். ஜூலை 22க்கு அவர் ஷிப்டை நான் பார்ப்பேன், அவர் ஊருக்குப் பறப்பார்.

"ஒன் லீவுக்கு நான், என் லீவுக்கு நீ. அவ்ளோதான் லா."

ஜூலை பிறந்தால் போதும். கேன்டீனில் நாசி லெமாக் பொட்டலத்தைக்கூடப் பிரிக்காமல் போனைத் திறந்துவிடுவார். ஆற்றில் கொடி கட்டிப் போகும் படகுகள்... இது அண்ணன் படகு, இது மாமா படகு. போன வருடம் காட்டிய அதே போட்டோக்கள்தான்.

ஒரு வருடம் மட்டும், ஜூலை 22க்கு முதல் நாள் அக்காவுக்குப் போன் செய்து காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். காய்ச்சல் இல்லை. சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள், எல்லோருமாக பாகான் நக்கோடா ஓமார் கடற்கரைக்கு மீன் சாப்பிடப் போனோம். நம் ஊரில் இல்லாத லீவுதானே என்று நினைத்தேன்.

அக்கா டிக்கெட்டை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். ஷிப்ட் முடிந்ததும் பஸ் ஏறி, பத்தாங் காலியில் என் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுவந்திருக்கிறார். நாங்கள் கடலுக்குப் போனதைப் பக்கத்து வீட்டம்மா சொல்லியிருக்கிறார். திரும்பி வந்தபோது கஞ்சித் தூக்கு கேட்டில் தொங்கியது.

மறுநாள் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"காய்ச்ச விட்டுருச்சா?"

அவ்வளவுதான் கேட்டார். விட்டுவிட்டது என்றேன்.

அந்தத் தீபாவளிக்கும் என் ஷிப்டில் அவர்தான் நின்றார். நான் கேட்கவே இல்லை. அவராகவே பெயர் கொடுத்திருந்தார்.

அக்கா வேலையை விட்டு ஊருக்குப் போன பிறகும் ஜூலையில் வாய்ஸ் மெசேஜ் வரும். ஒரு தடவை வந்துவிட்டுப் போ, ஆற்றோரம் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பார். அடுத்த வருடம் அக்கா, அடுத்த வருடம்... இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். நேரில் பார்த்துத்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வேறு நினைத்து வைத்திருந்தேன். என்ன புத்தியோ.

காலையிலிருந்து அந்தப் பழைய வாய்ஸ் மெசேஜ்களையே போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பின்னால் படகுச் சத்தம் கேட்கிறது. பக்கத்தில் போய் உட்கார வேண்டும் போலிருக்கிறது...

அன்றைக்கு நான் பொய் சொன்னேன் அக்கா. உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் என் வாயால் சொல்லியிருக்க வேண்டும்.

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.