சென்னைக்கு ஒரு டிக்கெட்

"ஊரு பேரைச் சொன்னா வேலை குடுக்கமாட்டாங்களா? நெட்டுக்குப்பம் இன்னா சார், கெட்ட வார்த்தையா?"

காலையிலிருந்து சுவரைப் பார்த்து இப்படித் திட்டிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாவது படிக்கும் என் பேத்திக்குப் பள்ளியில் வேலைக்கும் சொந்தத் தொழிலுக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். நேற்று இன்டர்வியூ ஒத்திகையில், "நெட்டுக்குப்பத்துல அம்மாவோட சேர்ந்து இறா ஊறுகா போட்டு விக்கிறேன் சார், அதையே பெரிய கம்பெனியாக்குவேன்" என்றாளாம்.

"ஊறுகாய்க் கதையெல்லாம் வேணாம்மா. எந்த ஊருன்னு கேட்டா சென்னைன்னு மட்டும் சொல்லு" என்றாராம் பயிற்சி கொடுக்கும் சார்.

வீட்டுக்கு வந்தவள், பாட்டில்களில் ஒட்டியிருந்த சீட்டில் 'நெட்டுக்குப்பம்' என்ற எங்கள் மீனவக் குப்பத்தின் பெயரை மட்டும் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டாள்.

மத்தியானம் எண்ணூரில் பஸ் ஏறினால், அதே சார்! பெற்றோர் கூட்டத்தில் பார்த்த முகம். கண்டக்டர் வந்ததும் நான் முந்திக்கொண்டேன்.

"நைனா, சாருக்கு சென்னைக்கு ஒரு டிக்கெட் குடு."

"இன்னா பெர்சு, வண்டியே சென்னைலதான் ஓடிகினு கீது. எங்க எறங்கணும்?"

"அத்த சொல்லக்கூடாதாம்பா. சொன்னா வேலை கெடைக்காதாம்."

பஸ்ஸே சிரித்தது. சாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"பெரியவரே, பிள்ளைங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"இன்னா நல்லது? எங்க வூட்டுப் பொண்ணு சொந்த ஊரு பேரைச் சொல்லவே வெக்கப்பட்டுகினு கீது! நாளைக்கு நீயே கிளாஸ்ல அவளாண்ட வந்து..."

அடுத்த நிறுத்தத்திலேயே சார் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார். மீதித் திட்டு என்னிடமே இருக்கிறது.

கமெண்ட் போடுகிறவர்கள் ஊர் பேரோடு போடுங்கள். சென்னை என்று மட்டும் போட்டால், அந்த மீதி உங்களுக்குத்தான்.