மழைக்கு முன் எழுந்த தவளை

எனக்கு எட்டு வயது நடக்கும்போது எங்கள் ஊர் ஏரி மூன்றாவது வருஷமாகக் காய்ந்து கிடந்தது. நாமக்கல்லுக்குக் கிழக்கே, கொல்லிமலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எங்கள் மானாவாரிக் காடு. மலைமேல் மேகம் வந்து நிற்கும். எங்கள் பக்கம் இறங்காது. மாடுகளுக்காவது தண்ணீர் கிடைக்கட்டும் என்று அப்பாவும் தாய்மாமனும் ஏரிக்குள் ஊற்றுத் தோண்டினார்கள். நான் கம்மங்கூழ் கொண்டுபோனபோது இடுப்பளவு ஆழம் போயிருந்தது. வந்ததெல்லாம் காய்ந்த மண்தான். மாமன் தூக்கி எறிந்த கட்டி ஒன்று என் காலடியில் விழுந்து பிளந்தது. அதற்குள், கொழுக்கட்டை மாதிரி உருண்டையாக, மண் நிறத்தில் ஒரு தவளை கண்ணை மூடிக்கொண்டு இருந்தது.

செத்துவிட்டது என்று நினைத்தேன். மாமன் அதை உள்ளங்கையில் வாங்கி, தாடைக்குக் கீழே தோல் லேசாகத் துடிப்பதைக் காட்டினார்.

“தூங்குது சாமி. மழ வந்தாத் தானா எந்திரிச்சு வரும்.”

ஓர் உடைந்த சட்டியில் ஏரி மண்ணை நிரப்பி அதை மேலே வைத்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு பின்னங்கால்களால் மண்ணைத் தள்ளித் தள்ளி, என்னைப் பார்த்தபடியே பின்பக்கமாக உள்ளே இறங்கியது. கண்கள்தான் கடைசியாக மறைந்தன.

மறுநாளே அப்பா தோண்டுவதை விட்டுவிட்டார். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி அடுத்த வாரம் வருவார், குடும்பத்தோடு போய்விடலாம் என்றார். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பெரியப்பா குடும்பம் ஐந்து பேராக மலை ஏறி, காய்ச்சலுக்கு இரண்டு பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு மூன்று பேராக இறங்கியிருந்தது. எனக்கு அது உறைக்கவில்லை. மலையில் ஆரஞ்சு மரத்திலேயே தொங்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சட்டியையும் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் என் கவலை. அப்பா முடியாது என்றதும் அழுது புரண்டேன். தவளை வெளியே வந்தால் மழை வந்துவிடும், மாமனே சொன்னார் என்றேன். மாமன் சொன்னதைத் தலைகீழாக்கியிருந்தது எனக்கே தெரியாது.

அப்பா சிரித்துவிட்டார். “செரி, உன்ற தவளை எந்திரிச்சா நாம போகலை. போதுமா?”

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரி வரவேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலையில், ஒரு மைல் நடந்து கொண்டுவந்த குடத்தை அம்மா இறக்கி வைத்தாள். குடிக்கிற தண்ணீரில் பாதியைச் சட்டியில் மெதுவாக ஊற்றினாள். தவளைக்குத் தாகம் என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம்.

“அப்பன்கிட்டச் சொல்ல வேண்டாஞ் சாமி” என்றாள்.

மத்தியானம் சட்டியில் மண் விரிந்து, முதலில் மூக்கும் பிறகு இரண்டு கண்களும் வெளியே வந்தன. மூட்டை கட்டிக்கொண்டிருந்த அப்பாவை இழுத்து வந்தேன். அவர் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குள் பார்த்துச் சொன்னார்:

“மேஸ்திரி வந்தா, பத்து நாள் கழிச்சு வரச் சொல்லு.”

“ஆகட்டுங்க” என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

மேஸ்திரி முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். எட்டாம் நாள் பிற்பகலில் கொல்லிமலைப் பக்கமிருந்து கருத்து வந்து, ஓலைக் கூரை பிய்ந்துவிடுமோ என்கிற அளவுக்குக் கொட்டியது. ஏரியில் முழங்கால் தண்ணீர்தான் நின்றது. ஆனால் எங்கே அத்தனை நாளும் கிடந்தனவோ, நூற்றுக்கணக்கான தவளைகள் ஒரே குரலாய்க் கத்தின. விடிந்ததும் அப்பா ஏர் பூட்டினார். நான் சட்டியைக் கரையில் கவிழ்த்தேன். என் தவளை திரும்பிக்கூடப் பார்க்காமல் தண்ணீருக்குள் போய்விட்டது.

மழையைக் கொண்டுவந்தது என் தவளைதான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அப்பா மறுக்கவில்லை. அம்மா தண்ணீர் ஊற்றியதை மட்டும், எனக்குக் கல்யாணமாகிப் போகும்வரை அவரிடம் சொல்லாமல் காப்பாற்றினேன். மூன்று வருஷமாக ஈர மண்ணையே காணாத ஒரு குடியானவனுக்கு, விரலில் ஒட்டிய சேறு எங்கிருந்து வந்தது என்று தெரியாமலா இருந்திருக்கும் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.